பட்டாணி அளவு

நாலாம் நாற்காலி சவரிராஜின் கோப்பில்
மூன்று முறையும் ஒரே வரி:
பத்துக்கும் கீழ்.
புஜத்துச் சதையில் ஆழமாய் இறக்கிய
ஹெபடைடிஸ் பி ஊசி
ஒவ்வொரு தடவையும்
கிணற்றில் போட்ட கல்.

"வீட்ல ஆள் இல்ல மிஸி" என்று சிரிப்பார்.

ஜெலுத்தோங் கடலோரச் சாலைக்குப் பின்னால்
பதினெட்டு இயந்திரம். திங்கள், புதன், வெள்ளி.
நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய்
குளித்துவிட்டு வரும்.
அவர் இடக்கை நரம்பு பூனைபோல் உறுமும்.
அது இயந்திரத்தின் கை.
எனக்கு மிச்சம் வலக்கை.

டாக்டர் ஹோ ஒரு மத்தியானம்
கோப்பை மூடாமலே சொன்னார்:
சதையை விடு, தோலில் கொடு.

காகிதக் கனம்தான் அந்த இடம்.
ஆனால் அங்கே கை விரித்தபடி நிற்கின்றன சில செல்கள்,
பாசார் தெரு ஐந்தடியில்
போன் உறை விற்றுக்கொண்டே
வருகிறவன் போகிறவனையெல்லாம் அளக்கும் பையன்களைப்போல.
புதுமுகம் ஒன்று பட்டால் போதும்,
அக்குள் வரை சேதி ஓடிவிடும்.
சதைக்குள் அத்தனை வம்பர்கள் இல்லை.

இதைச் சொன்னேன்.
முப்பது வருஷம் பட்டர்வொர்த் ஃபெரி வாசலில்
சில்லறை எண்ணிய மனுஷன்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"தீவுக்கு வரத்தான் காசு மிஸி,
திரும்பிப் போக இலவசம்.
வாசல்ல விட்டா
அப்புறம் எங்க புடிக்கிறது?"

படிக்கச் சுலபம். கைக்கு வேறு.
ஊசியின் வாய் வானம் பார்க்க,
ஏறக்குறைய படுக்கவைத்து,
நுனி தோலடியில் நிழலாய்த் தெரியும்வரை மட்டும்.
மயிரிழை ஆழம் போனால் கொழுப்பு.
மயிரிழை மேலே வந்தால்
மருந்து வழிந்துவிடும்.
முதல் வாரம் வழிந்தது.
"சில்லறையக் கொட்டிட்டீங்க" என்றார்.

இரண்டாம் வாரம் எழுந்தது.
வெளுத்த ஒரு மேடு,
ஆரஞ்சுத் தோலின் குழிகளோடு,
பச்சைப் பட்டாணி அளவு.
அளவுகோல் வைத்தேன்: எட்டு மில்லிமீட்டர்.
சதைக்குக் கொட்டியதில் ஒரு சிறு பங்குதான் மருந்து.
எனக்கு ஏனோ கை நடுங்கியது,
போட்டு முடித்த பிறகு.

மேடு அமிழ்ந்தது. பழுப்புப் பொட்டு நின்றது. அரித்தது.
எட்டு வாரத்தில் கோணலாய் ஒரு வரிசை.
எறும்பா கொசுவா என்று மகள் ஃபிலோமினா கேட்டாளாம்.
டிக்கெட்டில் குத்தின ஓட்டை என்றாராம்.

பிறகு காத்திருப்பு.
அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.
இயந்திரங்கள் ஓடின. இரண்டு பேர் இறந்தார்கள்,
வேறு காரணங்களுக்காக.
பதினோராம் நாற்காலிக்குப் புது ஆள் வந்தார்.

வெள்ளிக்கிழமை மழையில் வந்தது தாள்.
அறுபத்திரண்டு.
இரண்டு முறை பெயரைச் சரிபார்த்துவிட்டு
நாலாம் நாற்காலிக்குப் போனேன்.
கண் மூடி, வாயில் ஒரே ஒரு ஐஸ் கட்டியை
அவசரமில்லாமல் கரைத்துக்கொண்டிருந்தார்.
இன்றைய தண்ணீர்க் கணக்கில் அதுவும் சேர்த்தி.

சொன்னேன்.
எதற்கு அறுபத்திரண்டு, எவ்வளவு நல்லது,
எதையும் கேட்கவில்லை.
"முன்னால ரெண்டு சைபர் போட்டா
நாலு நம்பர் ஆகுமில்ல?"

விழவில்லை.
திங்களன்று எடை பார்க்கும் தட்டில் நின்றபடி
கசங்கிய சீட்டை நீட்டினார்:
கோப்பிலேயே வையுங்கள்,
ரிசல்ட்டோட ஒண்ணா இருக்கட்டும்.
ஆறு மாதத்தில் எண் இறங்கலாம் என்று
டாக்டர் ஹோ சொன்னதை
அப்போது சொல்ல வாய் வரவில்லை.
புதன்கிழமை சொன்னேன்.
"ஏறினது இறங்கும். ஃபெரிதானே" என்றார்.

சீட்டைப் பார்க்காத மாதிரி
முகம் திருப்பியிருந்த ஐந்தாம் நாற்காலி
ஹலிஜா மக்சிக்,
நாலு முறை பத்துக்கும் கீழ்,
பாஜூ கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு
என்னைப் பார்த்தார்.

ஊசியைப் படுக்கவைத்தேன்.